கல்லூரி டிரஸ்டி: ஓட்டா, நியமனமா?

கலிஃபோர்னியாவில் இருந்தபோது இரண்டு தேர்தல்களில் சமுதாயக் கல்லூரி (உள்ளூர் அரசுக் கல்லூரி) டிரஸ்டிகளுக்கு, அதாவது அதன் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு, ஓட்டுப் போட்டிருக்கிறேன். யாருக்குப் போட்டேன் என்று கேட்டால் ஒரு பெயரும் நினைவில்லை. வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிவந்த பிறகு வாக்குச்சீட்டில் அந்தப் பகுதியே கிடையாது. இங்கே ஆளுநர் நியமிப்பார், மாநில செனட் (சட்டமன்றத்தின் மேலவை) உறுதி செய்யும். போன வருடம் எங்கள் பகுதிக் கல்லூரியில் ஓர் இடம் காலியானபோது ஆளுநர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். கிடைக்கவில்லை. "அங்கேயே இருந்திருந்தால் தேர்தலில் நின்றிருப்பாயா?" என்று நண்பர் கேட்டார். நின்றிருக்க மாட்டேன்.

தேர்தல் என்றால் மக்கள் கையில் அதிகாரம், நியமனம் என்றால் ஆளுநருக்கு வேண்டியவர்களுக்குப் பதவி. இந்த வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், உண்மையும் இருக்கிறது. ஆனால் கலிஃபோர்னியாவில் நடைமுறை வேறு. வாக்காளர் கையேட்டில் நம்மைப் பற்றி நாலு வரி வர வேண்டுமென்றால் அச்சுச் செலவு பெரும்பாலும் வேட்பாளர் தலையில்தான். ஒருவர் மட்டுமே மனுப் போட்டால் அந்தப் பதவி வாக்குச்சீட்டிலேயே வராது. நம்மூர்ப் பஞ்சாயத்தில் 'போட்டியின்றித் தேர்வு' என்போமே, அதேதான். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழுவுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் அங்கீகார நெருக்கடியில் சிக்கியபோது, 2013இல் குழுவின் அதிகாரம் முழுவதும் மாநிலம் அனுப்பிய தனி டிரஸ்டியிடம் போனது.

வாஷிங்டனில் ஒரு கல்லூரிக்கு ஐந்து டிரஸ்டிகள், ஐந்தாண்டுப் பதவிக்காலம். தொழிலாளர், வணிகம், பெண்கள், இனச் சிறுபான்மையினர் என்று பல தரப்பையும் ஆளுநர் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். கல்லூரித் தலைவரை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் இவர்கள்தான். ஆசிரியர்களுக்குப் பணி நிரந்தரம் கொடுப்பதும் இவர்கள்தான். அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வழக்கமாக நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் அன்றைக்கு நிற்க இடமில்லை. ஒரு கணித ஆசிரியை தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். பெயரைப் படித்து எல்லோரும் ஆமோதித்ததும் சின்னவன் சத்தமாகக் கைதட்டினான். அடுத்த தேர்தலில் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவு கிடைக்குமா என்று கணக்குப் போட வேண்டியவர் அந்த மேசையில் இருந்தால், அவருடைய கை அதே மனத்தோடு உயருமா? எனக்குச் சந்தேகம்தான்.

என்னை வாஷிங்டன் பக்கம் சாய்த்தது இதுகூட இல்லை. செனட் பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

இங்கே பதவிக்காலம் அக்டோபர் 1இல் தொடங்குகிறது. சட்டமன்றம் கூடுவது ஜனவரியில். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். அதாவது செனட் பெயரைக் கையில் எடுப்பதற்குள் புது டிரஸ்டி சில கூட்டங்களில் ஓட்டே போட்டுவிடுவார். செனட் ஓட்டெடுத்து நிராகரித்தால்தான் அவர் போக வேண்டும். போனால் ஒரு வருடத்துக்கு அதே பதவிக்குத் திரும்ப நியமிக்க முடியாது. ஓட்டெடுப்பே நடக்காவிட்டால் தொடர்வார்.

கலிஃபோர்னியாவில் உள்ளூர் டிரஸ்டிகள்தான் தேர்தலில் வருகிறார்கள். மாநில அளவிலான சமுதாயக் கல்லூரி நிர்வாகக் குழுவுக்கு அங்கேயும் நியமனமும் செனட் ஒப்புதலும்தான். ஆனால் கெடு உண்டு: 365 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் காலி.

விஸ்கான்சின் மாநிலத்தில் நேர்மாறு. இயற்கை வளக் குழுவில் பிரெடரிக் பிரேன் என்பவரின் காலம் 2021 மே மாதம் முடிந்தது. ஆளுநர் வேறொருவரை நியமித்தும், எதிர்க்கட்சி கையில் இருந்த செனட் அந்தப் பெயரை எடுக்கவே இல்லை. பழையவர் நகரவும் இல்லை. 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தொழில்நுட்பக் கல்லூரிகளின் மாநிலக் குழுவிலும் காலம் முடிந்த சிலர் இதே போல ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கோப்பை மேசையில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதே ஓர் அதிகாரம் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்து பேர் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தால் 2க்கு 2 என்று முட்டி நிற்கலாம். யாருடைய பணி நிரந்தரமோ அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் நாற்காலி காலியாகாத வாஷிங்டன் முறையே எனக்குப் பிடிக்கிறது. கூடவே கலிஃபோர்னியா மாதிரி ஒரு கெடுவும் இருந்தால் நன்றாக இருக்கும். செனட்டுக்கு அவசரமே இல்லாதபோது உறுதிப்படுத்தல் வெறும் சடங்காகிவிடுகிறது. மாநிலச் சட்டமன்ற நடவடிக்கைகளைக் காட்டும் டிவிடபிள்யூ சேனலில் ஒரு விசாரணை பார்த்தேன். நியமனதாரர் ஜூமில் வந்தார், தன்னைப் பற்றிச் சில நிமிடம் பேசினார். ஒரே ஒரு கேள்வி. நன்றி, அடுத்தவர்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பக்கத்திலிருந்து பார்த்தது ஒரே ஒரு கல்லூரிக் குழுவை, அதுவும் நகர்ப்புறத்தில். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சிற்றூரில் தேர்தலே பொருத்தமாக இருக்கலாம்.

அடுத்த அக்டோபரில் இன்னோர் இடம் காலியாகிறது. பழைய விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன்.