வி-கிராஸைத் தூக்கிப் பெரிய டயர் போட்டு ஐந்து வருடம்

வண்டி 2018 மாடல் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப், 2.5 லிட்டர் மேனுவல். வீடு வத்தலக்குண்டில். தாண்டிக்குடிக்கு மேலே கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர். அதைப் பாதை என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். ஐப்பசி மழையில் அது ஓடை. 2020-ல் லிஃப்ட் கிட் (ஸ்பிரிங்கை மாற்றி வண்டியின் உடலை உயர்த்தும் பாகங்கள்) போட்டு வண்டியை இரண்டு அங்குலம் தூக்கி, டயரையும் மாற்றினேன். அதன் பிறகு மீட்டரில் 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. உண்மையில் 66,000-க்கு மேல். அந்தக் கணக்கு ஏன் இடிக்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

தூக்கியதற்குக் காரணம் ஒரு பாறை. பாதையின் நடுவில் ஆமை முதுகு மாதிரி கிடக்கும். மூட்டை ஏற்றி இறங்கும்போதெல்லாம் பின் அச்சின் நடு உருண்டை அதில் உரசும். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் என் பல் கூசும். தூக்கிவிட்டால் இடிக்காது என்று நினைத்தேன். இங்கேதான் நான் பாடம் படிக்காமல் பணம் கட்டினேன்.

இந்த வண்டிக்கு முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். பின் அச்சு ஒரே இரும்புக் கட்டையாகச் சக்கரத்தோடு சேர்ந்து கிடக்கிறது. பட்டையை மாற்றிச் சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, எவ்வளவு உயர்த்தினாலும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை உயர்த்துவது டயர் மட்டும்தான். அதுவும் டயரின் உயரம் கூடுவதில் பாதி. கம்பெனி கொடுத்த 245/70 ஆர்16 டயரின் உயரம் 749 மி.மீ. நான் போட்டது 265/75 ஆர்16. உயரம் 804 மி.மீ. கூடியது 55. அதில் பாதி, 27 மி.மீ. சுமார் 90,000 ரூபாய்க்கு வாங்கிய லிஃப்ட் கிட்டால் அந்தப் பாறைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை.

அப்படியானால் லிஃப்ட் வீணா? அப்படியும் சொல்ல முடியாது. முன்பக்க டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) சேஸியோடு சேர்ந்திருப்பதால் அது உயர்ந்தது. ஓடை இறங்கும் இடத்தில் முன் பம்பர் மண்ணை அள்ளுவது நின்றது. முக்கியமாக, தூக்காமல் இருந்தால் இந்த டயர் உள்ளே நுழைந்தே இருக்காது. தூக்கியும்கூட ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பினால் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் பிளாஸ்டிக் உறையில் டயர் உரசியது. சூடு காட்டி வளைத்து, மட்ஃப்ளாப்பைக் கொஞ்சம் வெட்டிய பிறகுதான் சரியானது.

முதல் ஆறு மாதம் நான் பட்ட பாடு ஸ்டீரிங்கில். மலையில் ஒன்றும் தெரியாது. திண்டுக்கல் நான்கு வழிச் சாலையில் 90-ல் போகும்போது வண்டி மிதக்கும். வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வர யோசிக்கும். முன்பக்கத்தை உயர்த்தும்போது காஸ்டர் கோணம் (ஸ்டீரிங்கைத் தானாக நேராக்கும் முன் சக்கரச் சாய்வு) குறைந்துவிடுகிறது, அதுதான் காரணம். உள்ளூர் அலைன்மென்ட் கடையில் இரண்டு முறை பார்த்தும் அளவு எல்லைக்குள் வரவில்லை. முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் 8,000 கிலோமீட்டரில் தேய ஆரம்பித்தது. கடைசியில் கோவையில் ஒரு மெக்கானிக், "அண்ணே, மேல் ஆர்மை மாத்தாம இது நிக்காது" என்றார். முன் சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும், லிஃப்டுக்கென்றே கோணம் மாற்றிச் செய்த மேல் கண்ட்ரோல் ஆர்ம் ஜோடி, பொருத்துகூலியோடு 35,000. அன்றிலிருந்து வண்டி நேராகப் போகிறது. கிட் விற்றவர் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு, "எல்லாருக்கும் தேவைப்படாது சார்" என்றார்.

அப்புறம் ஒரு நடுக்கம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, அதுவும் பாரத்தோடு மேட்டில், தரைக்கு அடியில் யாரோ மேளம் அடிப்பது மாதிரி இருக்கும். இந்த வண்டியில் பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் ஒரு பேரிங். பின்பக்கம் உயர்ந்ததால் ஷாஃப்டின் கோணம் மாறி வந்த கோளாறு. நடு பேரிங்குக்கும் சேஸிக்கும் இடையில் வாஷர் வைத்து அதைக் கொஞ்சம் இறக்கினார்கள். இருநூறு ரூபாய் வேலை. முன் ஆக்ஸிலின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் ஒன்று 30,000-ல் கிழிந்தது. கோணம் கூடினால் பூட்டின் ஆயுள் குறையும், அதை நான் எதிர்பார்த்தேதான் இருந்தேன்.

இப்போது அந்தக் கிலோமீட்டர் கணக்கு. டயரின் சுற்றளவு 7 சதவீதம் கூடிவிட்டது; மீட்டருக்கு அது தெரியாது. முன்பு மீட்டரில் 80 காட்டினால் ஜிபிஎஸ்ஸில் 76 இருக்கும். கம்பெனி மீட்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். இப்போது 80 காட்டினால் 82. ஓடிய தூரமோ குறைவாகப் பதிகிறது. அதனால் சர்வீஸை 10,000-க்குக் காத்திருக்காமல் 9,300-லேயே செய்துவிடுகிறேன். மைலேஜும் மீட்டரை நம்பிக் கணக்குப் போட்டால் பொய்யாக வரும். திருத்திப் பார்த்தால் முன்பு லிட்டருக்கு 12 கொடுத்தது, இப்போது 10.5.

ஒவ்வொரு டயரும் பழையதைவிட நாலைந்து கிலோ கூடுதல். இழுவையில் அது தெரிகிறது. மூன்றாவது கியரில் ஏறிய கொண்டை ஊசி வளைவுகளில் இப்போது இரண்டு. இறக்கத்தில் பிரேக்கைக் கொஞ்சம் முன்னதாகவே தொட வேண்டும். என் மனைவி மூன்றாவது நாளே, "வண்டி குண்டாயிருச்சு" என்று சொன்னார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியவில்லை.

டயரை மட்டும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆல் டெரெய்ன் ரகம் (தார், மண், கல் எல்லாவற்றுக்கும் ஆனது), பக்கச் சுவர் தடிமன். பழைய டயரில் வருடத்துக்கு இரண்டு முறையாவது பக்கவாட்டில் கல் கிழிக்கும். இந்த ஐந்து வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. தார் ரோட்டில் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ. தோட்டப் பாதையில் நுழையுமுன் 22-க்கு இறக்கிவிடுவேன், ஒரு சின்ன கம்ப்ரஸர் எப்போதும் வண்டியிலேயே கிடக்கும். இந்தக் காற்று இறக்கும் பழக்கம் மட்டும் முன்பே இருந்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கிளெய்ம் என்று போனால் சேதத்தைப் பார்க்க வரும் சர்வேயர் கண் முதலில் டயரில்தான் விழும். போடிமெட்டு தாண்டிக் கேரளாவுக்குள் நுழையும்போது பிடித்துவிடுவார்களோ என்று எனக்கு இன்னும் ஒரு பயம் உண்டு. தோட்டத்தோடு நிற்கிற வண்டி என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது சமாதானம்தான். தூக்கிய அன்றே முகப்பு விளக்கின் கோணத்தை இறக்கிவிட்டேன். இல்லையென்றால் எதிரே வருகிறவர் கண்ணில்தான் வெளிச்சம் அடிக்கும்.

யோசிக்கவே மறந்த விஷயம் ஒன்று உண்டு. லிஃப்ட், டயர் இரண்டும் சேர்ந்து பின்கதவு மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டது. ஐம்பது கிலோ மூட்டையை அந்த உயரத்துக்குத் தூக்குவது நான் இல்லை. எங்கள் தோட்டத்தில் மூட்டை ஏற்றும் பெரியவர் முதல் அறுவடையிலேயே முகத்தைச் சுளித்தார். ஒரு பலகைப் படி செய்து கொடுத்தேன். மழையில் அது வழுக்குகிறது.

டயர் இப்போது 4 மி.மீ.க்குத் தேய்ந்துவிட்டது. அடுத்தது 265/70 ஆர்16 போடப் போகிறேன். அச்சுக்கு அடியில் பழைய அளவைவிட 14 மி.மீ. மிஞ்சும், என் பாறைக்கு அது போதும். இழுவையும் கொஞ்சம் திரும்பி வரும். லிஃப்டைக் கழற்றும் எண்ணம் இல்லை, மேல் ஆர்முக்குக் கொடுத்த காசு விடாது. பெரியவரிடம் சொன்னேன், "அடுத்த தடவை அரை அங்குலம் இறங்கிரும்ணே."

மூட்டையைத் தோளில் சரி செய்துகொண்டே, "அரை அங்குலம்னாலும் இறக்கு தம்பி" என்றார்.