பாக்கி வாசிக்க வந்த நால்வர்

வைகாசியில் என் மகள் கல்யாண வரவேற்புக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் குழுவைக் கூப்பிட்டிருந்தேன். இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா ஒன்று, கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற பெரிய செல்லோ ஒன்று. மொத்தம் நாலு பேர்தான். ட்ரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது, பாட்டுப் பாட ஆளும் கிடையாது. பெங்களூரில் எங்கேயோ இப்படி ஒரு குழுவைக் கேட்டுவிட்டு வந்து மகள் ஆசைப்பட்டாள். 90 நிமிடத்துக்கு, வேன் வாடகை சேர்த்து, 28,000 ரூபாய் பேசினோம். அன்றிலிருந்து சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "அவங்க எப்படிங்க, கூப்பிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

மண்டபத்தில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். பேசி முடித்த அன்றைக்கே வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பியிருந்தார்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி நாலு வேண்டும். தலைக்கு மேலே ஃபேன் ஓடக் கூடாது. வெளிச்சம் நோட்ஸ் தாளின் மேல் விழ வேண்டும். மைக் வைப்பதாக இருந்தால் நாலு பேருக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். கல்யாண வேலையில் அதை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி, மறந்துவிட்டேன். அது என் தப்புதான்.

மண்டபத்தில் இருந்தது எல்லாமே கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. வில்லை இழுக்கிற கை பக்கவாட்டில் போய் வர வேண்டும். செல்லோ வாசிக்கிற தம்பிக்கு ஒவ்வொரு இழுப்புக்கும் முழங்கை இடித்தது. கடைசியில் சமையல்கட்டிலிருந்து நாலு ஸ்டூல் கொண்டுவந்து போட்டோம். சவுண்ட் சர்வீஸ்காரர் முதல் வயலினுக்கு முன்னால் ஒரே ஒரு மைக்கை நட்டுவிட்டுப் போய்விட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது அந்த ஒரு வயலின் மட்டும்தான். மற்ற மூன்று பேரும் கையை ஆட்டுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் 35 நிமிடம் ஆனபோது டிஜே ஆட்கள் வந்து பெட்டியைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நால்வரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எடுத்ததை நடுவில் அறுக்காமல் வாசித்து முடித்து, கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார்கள். பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்து அனுப்பினேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, வயோலா வாசிக்கிற பெண் போன் செய்தாள்.

"ஐயா, அன்னைக்கு முப்பத்தஞ்சு நிமிஷம்தாங்க வாசிச்சோம். உங்களுக்கு அம்பத்தஞ்சு நிமிஷம் பாக்கி இருக்குதுங்க."

"அது உங்க மேல தப்பில்லையே அம்மிணி."

"இருந்தாலும் பாக்கி பாக்கிதானுங்க. பணமாத் திருப்பிக் கொடுக்கட்டுங்களா, வீட்டுக்கு வந்து வாசிக்கட்டுங்களா?"

"அப்ப ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கு வந்துருங்க. சாப்பாடு இங்கதான்" என்றேன்.

எங்கள் தோட்டம் ஆனைமலைப் பக்கம். தென்னை, கூடவே சின்னதாக ஒரு நார் மில். ஆனி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று எப்படி இருக்கும் என்று பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வந்து இறங்கிய நேரத்தில் மட்டை இரண்டு விழுந்தது. முன்தாழ்வாரத்தில் நோட்ஸ் ஸ்டாண்டை விரித்ததுமே ஒன்று சாய்ந்தது. அந்தப் பெண் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். நிறைய துணி கிளிப், நாம் கொடியில் மாட்டுகிறோமே, அதே கிளிப்தான். ஒவ்வொரு தாளுக்கும் நாலு கிளிப் மாட்டி, ஸ்டாண்டின் காலில் ஆளுக்கொரு செங்கல்லை வைத்தார்கள். இந்த ஊர்க் காற்றில் வாசித்துப் பழகியவர்கள் என்று அப்போதே தெரிந்தது.

செல்லோவுக்கு அடியில் கூர்மையான இரும்புக் கம்பி ஒன்று இருக்கிறது. அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். எங்கள் தாழ்வாரம் காவி போட்ட பழைய சிமெண்ட் தரை, கண்ணாடி மாதிரி வழுக்கும். கம்பி இரண்டு தடவை சறுக்கியது. நம் மில்லில் செய்த தேங்காய் நார் மிதியடி ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். கம்பி நாரில் இறங்கி அசையாமல் நின்றுவிட்டது. அந்தத் தம்பி அதைக் குனிந்து குனிந்து பார்த்தார். போகும்போது கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

காலையில் சாரல் அடித்திருந்ததால் சுருதி சேர்க்கவே பத்து நிமிடம் ஆனது. ஈரக் காற்றில் மரம் ஊதி, முதல் வயலினில் தந்தியை முறுக்குகிற பிருடை ஒன்று திரும்பவே மாட்டேன் என்று இறுகியிருந்தது. இதை 55 நிமிடத்தில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுருதி சேர்ந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

முதலில் எடுத்தது ஹைடன். ஆஸ்திரியாக்காரர், 1732-இல் பிறந்தவர். இந்த நாலு வாத்தியச் சேர்க்கைக்கு மட்டும் 68 உருப்படிகள் எழுதியிருக்கிறார். அவர் இதற்கு எழுத ஆரம்பித்த கதையை அந்தப் பெண் சொன்னாள். 1750-களில் ஃபூர்ன்பெர்க் என்கிற ஒரு பிரபு தன்னுடைய கிராமத்து மாளிகையில் வாசிப்பதற்கு இசை எழுதிக் கேட்டாராம். அங்கே வாசிக்க இருந்தவர்கள் ஊர்ப் பாதிரியார், பண்ணையை நிர்வகித்த மேனேஜர், செல்லோ வாசிக்கிற ஒருவர், அப்புறம் ஹைடன். இருக்கிற நாலு பேரை வைத்து எழுதினார். அதைக் கேட்டதும் மண்டபத்தில் ஏன் எடுபடவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. இது பண்ணை வீட்டில், பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்கென்று பிறந்த சங்கீதம். ஆயிரம் பேர் பந்திக்கு நடுவில் வைத்தால் அது என்ன செய்யும்?

அன்றைக்கு வாசித்தது 1797-இல் அவர் எழுதிய குவார்டெட் உருப்படி ஒன்றின் இரண்டாம் பகுதி. சக்கரவர்த்தி இரண்டாம் ஃபிரான்ஸுக்காக அவர் போட்டிருந்த ஒரு மெட்டைக் கொண்டு செய்தது. அந்த மெட்டுதான் இன்றைக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கு. நடையில் அவசரமே இல்லை. நாம் புதிதாகக் கேட்கிறவர்கள் என்பதால் அவர்களே இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நல்ல தேர்வு. ஏனென்றால் இதில் மெட்டு மாறுவதில்லை, கை மட்டும் மாறுகிறது.

முதலில் முதல் வயலின் மெட்டைச் சொல்கிறது, மற்ற மூன்றும் கீழே தாங்குகின்றன. அப்புறம் இரண்டாம் வயலின். இவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சர்ச் பாடகர் குழுவில் சின்ன வயதில் பழகியது. மண்டபத்தில் இவர் வாசித்தது ஒரு சொட்டுகூடக் காதில் விழவில்லை. இங்கே அவர் மெட்டை எடுத்ததும் வயோலாவும் செல்லோவும் வில்லை மடியில் வைத்துவிட்டார்கள். இரண்டு வயலின் மட்டும். முதல் வயலின் மேலே பொடிப் பொடியாக ஓடிக்கொண்டிருக்க, இவர் அந்தப் பக்கம் திரும்பாமல், அவசரப்படாமல், மெட்டை நேராக நடத்திக்கொண்டு போனார். அவருடைய வில்லிலிருந்து, அதில் தேய்க்கிற ரோசின் என்கிற பிசினின் தூள் வெள்ளையாக வயலின் மேல் உதிர்வதைக்கூடப் பார்க்க முடிந்தது, அவ்வளவு பக்கத்தில் இருந்தோம்.

மூன்றாவதாக மெட்டு செல்லோவுக்கு வந்தது. எங்கள் அம்மாவுக்கு 81 வயது, காது மந்தம். மெஷின் வாங்கிக் கொடுத்தும் பீரோவில்தான் இருக்கிறது. வயதானால் மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகும் என்று காது டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் மரியாதைக்கு உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், செல்லோ எடுத்ததும் திரும்பினார். "இப்பத்தான்டா கேக்குது" என்று சத்தமாகவே சொன்னார். அந்தத் தம்பி சிரித்தார், வில் நிற்கவில்லை. முடிந்ததும் அம்மா தன் நாற்காலியை அவருக்கு இரண்டடி தூரத்தில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். கடைசி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

நாலாவது வயோலா. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். பார்க்க வயலின் மாதிரியே இருக்கும். உடம்பு இரண்டு விரற்கடை நீளம் கூட. வயலினில் இருக்கிற உச்சத் தந்தி இதில் இல்லை, அதற்குப் பதிலாகக் கீழே ஒரு கனத்த தந்தி. செல்லோவின் நாலு தந்திகளையே ஒரு ஸ்தாயி உயர்த்திக் கட்டினால் வயோலா. முப்பது வருடமாகத் தேங்காயைத் தட்டிப் பார்த்து முற்றியதா இல்லையா என்று சொல்கிறவன் நான். நன்றாக முற்றிய காயைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு ஓசை வரும். கூர்மையாக இருக்காது, ஆனால் தெளிவாக இருக்கும். வயோலாவின் குரல் எனக்கு அப்படித்தான் கேட்டது. அந்தப் பெண் கர்நாடக சங்கீதத்தில் ஆரம்பித்தவள். ஏழு வருடம் தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசித்துவிட்டு, அப்புறம் தாடைக்கு அடியில் வைத்துப் பழகியிருக்கிறாள். அதனாலோ என்னவோ, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அவள் விரலில் ஒரு குழைவு இருக்கிறது. மற்ற மூன்று பேரிடமும் அது இல்லை. குழுவில் சிறந்த கை இவளுடையதுதான் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஹைடனுக்குப் பிறகு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் மூன்று. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டவை. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்தக் காலத்தில்தான் வயலின் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். அங்கிருந்து இங்கே வந்த மெட்டு, இங்கிருந்து மறுபடி அந்த நாலு வாத்தியத்துக்கே போய் உட்கார்ந்தது பொருத்தமாக இருந்தது. இவற்றுக்கு நாலு குரலும் பிரித்து எழுதியது முதல் வயலின் வாசிக்கிற தம்பி. நன்றாகவே எழுதியிருக்கிறார்.

குறை சொல்ல வேண்டியது சினிமாப் பாட்டுகளில். பழைய பாட்டு இரண்டு வாசித்தார்கள். மெட்டு முழுக்க முதல் வயலினுக்கே. இரண்டாம் வயலினும் வயோலாவும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, செல்லோ தாளம் மட்டும் போடுகிறது. ஹைடனில் அத்தனை அழகாக மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, நமக்குத் தெரிந்த பாட்டில் ஒருத்தர் கையிலேயே வைத்துக்கொண்டால் எப்படி? நோட்டுஸ்வரத்துக்கு எடுத்த சிரமத்தில் பாதியை இதற்கும் எடுத்தால் போதும். இதை முதல் வயலின் தம்பியிடம் நேரிலேயே சொன்னேன், நோட்டில் குறித்துக்கொண்டார். முதல் வயலின் மிக உயரத்தில் போகும்போது சுருதி ஒரு இழை ஏறுகிறது, அதையும் கவனிக்க வேண்டும். இன்னொன்று, கேட்டால் அருமையாக விளக்குகிறார்கள், கேட்காவிட்டால் பேசாமல் வாசித்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தமிழில் நாலு வாக்கியம் சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பிடி கிடைக்கும்.

55 நிமிடம் என்று வந்தவர்கள் 70 நிமிடத்துக்கு மேல் வாசித்தார்கள். அம்மா கேட்டுக்கொண்டதற்காக அந்த ஹைடன் மெட்டை மட்டும் மறுபடி ஒரு தடவை. அப்புறம் அரிசிம்பருப்பு சாதம், நெய், தயிர். செல்லோத் தம்பி மூன்றாம் தடவை போட்டுக்கொண்டார்.

கூப்பிடுகிறவர்களுக்கு என் யோசனை: ரிசப்ஷனுக்கு வேண்டாம். நிச்சயதார்த்தம், அறுபதாம் கல்யாணம், வளைகாப்பு, இப்படி வீட்டோடு நடக்கிற காரியத்துக்குக் கூப்பிடுங்கள். முப்பது நாற்பது பேருக்கு மைக்கே தேவையில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் வாசிக்க விடுங்கள், சாப்பிடும்போது வேண்டாம். அவர்கள் அனுப்புகிற நாலு வரியை ஒழுங்காகப் படியுங்கள்.

ஆவணியில் என் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இவர்களையே சொல்லியிருக்கிறேன், 60 நிமிடத்துக்கு. கைப்பிடி இல்லாத மர நாற்காலி நாலு உடுமலையிலிருந்து வந்து இறங்கிவிட்டது. புது வீடு, டைல்ஸ் தரை. அதனால் மிதியடியை மறக்காமல் கொண்டுவரச் சொல்லி செல்லோத் தம்பிக்கு நேற்றே மெசேஜ் போட்டுவிட்டேன்.