ஸ்ப்ரேக்-டாவ்லியா, கோபன்ஹேகனா: எந்த எலியை எடுப்பது?

மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு எலி வேண்டும் என்றதும் பெரும்பாலும் கைக்கு வருவது ஸ்ப்ரேக்-டாவ்லி என்ற ரகம். 1961-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் குழுவினர், 50 நாள் வயதையொட்டிய பெண் எலிகளுக்கு 20 மில்லிகிராம் டிஎம்பிஏ என்ற, புற்றைத் தூண்டும் வேதிப்பொருளை எண்ணெயில் கரைத்து, ஒரே ஒரு தடவை வாய்வழியே இரைப்பைக்குள் செலுத்தினார்கள். எள்ளெண்ணெய்தான், நம் நல்லெண்ணெய்! சில மாதங்களில் ஏறக்குறைய எல்லா எலிகளுக்கும் கட்டி. அந்த வயதில் பால்நாள நுனி மொட்டுகளில் செல்கள் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கும். வயது ஏறினால் அடி அவ்வளவு பலமாக விழாது.

வேலைக்கும் வசதியான எலி. ஆறு ஜோடி பால்சுரப்பிகள், கழுத்திலிருந்து தொடை இடுக்கு வரை. வாரம் ஒருமுறை விரலால் வருடிப் பார்த்தாலே போதும், கட்டி பட்டாணிபோல் உருளும். ஆனால் இது மரபில் கலவையான ரகம். ஒரு பண்ணை எலிபோல இன்னொரு பண்ணை எலி இருக்காது. மரபணுவைத் துருவ, உடன்பிறப்புகளையே இணைசேர்த்து உருவாக்கிய விஸ்டார்-ஃபர்த் என்ற ரகம் மேல். அதற்கும் கட்டி எளிதில் வரும்.

இப்போது கோபன்ஹேகன் என்ற ரகம். அதே வயது, அதே டிஎம்பிஏ. கட்டி அநேகமாக வராது. ஈரல் அந்த நஞ்சை வீரியமான வடிவுக்குச் சரியாக மாற்றித் தரவில்லையோ என்று தோன்றும். சரி, ஈரலின் தயவே தேவைப்படாத என்எம்யூ என்ற இன்னொரு புற்றுத்தூண்டியைக் கொடுத்தால்? அப்போதும் தப்பிவிடுகிறது. சுரப்பியில் நுண்ணிய புண்கள் தோன்றத்தான் செய்கின்றன, வளராமல் மறைந்துவிடுகின்றன. எனக்கு இந்த எலி பிடித்துப்போனது இதனால்தான்: நோய் தொடங்கியபின் அதை நிறுத்துகிறது.

விஸ்டார்-ஃபர்த்துடன் இதைக் கலந்து, அமெரிக்காவின் விஸ்கான்சினில் மைக்கேல் கூல்ட் குழுவினர், கட்டி வரும் வாய்ப்பை மாற்றும் நான்கு மரபணு இடங்களைப் பிடித்தார்கள். மூன்றில் கோபன்ஹேகனிடமிருந்து வரும் மரபணுப் பிரதி காக்கிறது. நான்காவதான எம்சிஎஸ்4-இல் கதை தலைகீழ்: கட்டி வராத எலியின் பிரதியே ஆபத்தைக் கூட்டுகிறது. அதையும் சுமந்துகொண்டுதான் அது தப்பிக்கிறது.

மருந்து கட்டியைச் சுருக்குமா என்று பார்க்க ஸ்ப்ரேக்-டாவ்லி போதும். கோபன்ஹேகன் வாங்கினால் காசுதான் வீண். ஏன் வரவில்லை என்பதே கேள்வி என்றால் என் ஓட்டு கோபன்ஹேகனுக்கு.

அப்புறம், ஆர்டரில் வெறுமனே ‘விஸ்டார்’ என்று எழுதிவிடாதீர்கள். விஸ்டார்-ஃபர்த்துக்குக் கட்டி சுலபமாக வரும். விஸ்டார்-கியோட்டோ அதை எதிர்த்து நிற்கும்.