மயிலாப்பூரில் ஒரு யோகா ஆசிரியை

மைசூர் அரண்மனையில் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) பின்னாளில் சென்னைக்குக் குடிவந்தார். அவர் மகன் தேசிகாச்சார் படிப்பால் இன்ஜினியர். 1976-இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் என்ற யோகா பள்ளியைத் தொடங்கியவர். அங்கே பயின்றவர்தான் என் ஆசிரியை. யோகா உலகில் பெயர்பெற்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்தவர்கள்தான், ஆனால் இங்கே பாணி வேறு. ஆளுக்கு ஏற்ற யோகா, ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்.

முதல் நாள் ஆசனமே இல்லை. தூக்கம், சாப்பாடு, பழைய ஆபரேஷன் எல்லாம் விசாரித்தார். அப்புறம் கையைத் தூக்கி இறக்கச் சொல்லி மூச்சை மட்டும் கவனித்தார். மூச்சு முதலில் தொடங்க வேண்டும், கை பின்னால் வர வேண்டும். மூச்சு முடிவதற்குள் கை நின்றுவிட வேண்டும். கேட்க எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும்! என் முட்டி வலிக்காக, நின்றபடி முன்னால் குனியும் உத்தானாசனத்தில் முட்டியை மடக்கச் சொன்னார். விரல் தரையைத் தொட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தரையில் உட்கார முடியாத அம்மாவுக்கு எல்லாமே நாற்காலியில்தான்.

வீட்டில் செய்யவேண்டியதைக் குச்சி உருவங்களாகத் தாளில் வரைந்து, மூச்சு இழுப்பது எங்கே, விடுவது எங்கே என்று அம்புக்குறி போட்டுத் தருகிறார். அடுத்த முறை அதே தாளில் வலித்ததை அடித்துவிட்டு வேறு எழுதுகிறார். இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்குகிறேன்.

கூட்டமாக, வியர்க்க வியர்க்கச் செய்ய விரும்புபவர்களுக்கு இது சரிவராது. தினமும் வீட்டில் தனியாகச் செய்யத் தயார் என்றால் தாராளமாகப் போகலாம். காலை நேரம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.