மூவிஸ்டார், ஸ்கை, விஸ்மா: எந்த அணி கட்டப்பட்ட விதம் சிறந்தது?

சாலை சைக்கிள் பந்தயத்தில் அணிக்குச் சோறு போடுவது சட்டையில் அச்சிட்ட பெயர்தான். மைதானம் கிடையாது, டிக்கெட் வசூல் கிடையாது. டூர் டி பிரான்ஸின் ஒளிபரப்புப் பணமும் பந்தயத்தை நடத்தும் நிறுவனத்துக்கே போகிறது. ஆகவே ஓர் அணியை எடைபோடக் கோப்பைக் கணக்கு மட்டும் போதாது. ஸ்பான்சர் போன பிறகு என்ன மிஞ்சியது, தலைவன் விழுந்த பிறகு மலையில் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

மூவிஸ்டார்தான் மூத்தது. ஸ்பெயினின் நவார்ராவில் 1980-இல் ரெய்னால்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கி, பனெஸ்தோ, இல்லெஸ் பலேயார்ஸ், கெஸ் தெப்பார்ஞ் எனப் பெயர் மாறி, 2011 முதல் மூவிஸ்டார். பெயர்கள்தான் மாறின, எச்சாவர்ரியும் அவருக்குப் பின் உன்சூவேயும் நடத்திய நிர்வாகம் அறுபடவில்லை. அவர்களின் வழி எளிமையானது: ஒரு பெரிய தலைவன், அவனைச் சுற்றி உழைக்கும் எட்டுப் பேர். இந்துரைன் 1991 முதல் 1995 வரை ஐந்து டூர்களை வென்றது அப்படித்தான். தனிநபர் நேர ஓட்டத்தில், அதாவது ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டத்தில், நிமிடக்கணக்கில் முன்னிலை எடுப்பார், மலையில் எதிரியின் சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொள்வார். 1992-இல் லக்சம்பர்கில் 65 கி.மீ. நேர ஓட்டத்தில் இரண்டாமவரை 3 நிமிடம் முந்தினார்.

எல்லாம் ஒருவன் மேல் என்றால் அவன் பிசகும்போது எல்லாமே பிசகும். 1989 டூரின் தொடக்க ஓட்டத்துக்கு நடப்புச் சாம்பியனான இதே அணியின் தெல்காதோ 2 நிமிடம் 40 விநாடி தாமதமாக வந்து நின்றார். பாரிஸில் முடித்தபோது வென்றவருக்கு மூன்றரை நிமிடம் பின்னால், மூன்றாமிடம். பின்னாளில் நேர்மாறான தவறு நடந்தது: 2018-இல் கிந்தானா, லாந்தா, வால்வெர்தே என மூன்று தலைவர்கள். 2019 டூரில் டூர்மலே ஏற்றத்தில் மூவிஸ்டார் வீரர்களே முன்னால் வேகத்தைக் கூட்ட, பின்தங்கிப் போனவர் அவர்களுடைய கிந்தானா. யாருக்காக ஓட்டுகிறோம் என்பதைக் காலையில் பேருந்திலேயே முடிவு செய்யாவிட்டால் இதுதான் கதி. அந்த ஆண்டுகளில் டூரின் அணிப் பரிசை மட்டும் தவறாமல் வாங்கினார்கள். 2022-இல் தரவரிசைப் புள்ளிகள் குறைந்து, முதல் பிரிவிலிருந்து இறங்கும் நிலைக்கு வந்து தப்பினார்கள்.

ஸ்கை 2010-இல் பணத்தோடும் திட்டத்தோடும் வந்தது. ஐந்து ஆண்டுக்குள் ஒரு பிரிட்டிஷ் வீரரை டூர் வெல்ல வைப்பது அணித் தலைமை நிர்வாகி பிரெயில்ஸ்ஃபோர்ட் சொன்ன இலக்கு. விக்கின்ஸ் மூன்றாம் ஆண்டிலேயே வென்றார். 2012 முதல் 2019 வரை எட்டு டூர்களில் ஏழு இவர்களுக்கு. வழி, மலை 'ரயில்'. சமவெளியில் கனமான வீரர்கள் முன்னால் காற்றைத் தாங்கி, பின்னால் வருபவர்களை இழுப்பார்கள். ஏற்றம் தொடங்கியதும் மெலிந்தவர்கள் வரிசையாக முன்னே வந்து, மிதிக்கும் சக்தியைக் காட்டும் பவர் மீட்டரைப் பார்த்து, ஒரே சீராக மிதித்து, தீர்ந்ததும் ஒவ்வொருவராக ஒதுங்குவார்கள். கடைசி 3-4 கி.மீ.க்குத் தலைவனோடு ஒருவர் மிஞ்சினால் போதும். தாக்க நினைப்பவர் தன் எல்லைக்கு மேல் மிதித்தாக வேண்டும். சில நிமிடத்தில் அவர் கால்கள் கனத்துவிடும், ரயில் அவரை நிதானமாக விழுங்கும்.

இதற்குப் பெரும் சம்பளப் பட்டியல் வேண்டும். வேறோர் அணியில் தலைவனாக இருக்கக்கூடியவரைத் துணைவீரராக வைத்துக்கொள்வது மலிவானதல்ல. 2019-இல் ஸ்கை நிறுவனம் விலகியதும் ஐனியோஸ் வந்ததால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. வீரர்கள் விழுந்தது தீரவில்லை: 2019 ஜூனில் ஃபுரூம், 2022 ஜனவரியில் பெர்னால். 2021-இல் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவை வென்ற பிறகு 2025 வரை அப்படிப்பட்ட பந்தயம் எதையும் அவர்கள் வெல்லவில்லை. விக்கின்ஸின் மருந்துகள் பற்றி 2018-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு, விதிக்குள் இருந்தாலும் அறத்தின் கோட்டைத் தாண்டியது என்று எழுதியது, அணி மறுத்தது. அந்தக் கறையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

என் தேர்வு விஸ்மா. இந்த நெதர்லாந்து அணியின் பழைய ஸ்பான்சர் ராபோபேங்க், 2012 அக்டோபரில் ஊக்கமருந்து அலையில் பெயரை விலக்கிக்கொண்டது. 2013-இல் 'பிளாங்கோ', அதாவது வெறுமை, என்ற பெயரிலேயே ஓட்டினார்கள். பிறகு பெல்கின் வந்து போனது, 2015-இல் லோட்டோ-ஜம்போ. அணியை நடத்தும் பிளுகேயின் நிர்வாகத்திடம் அப்போது நட்சத்திரம் வாங்கப் பணமில்லை. பனிச்சறுக்குத் தாண்டலிலிருந்து வந்த ரோக்லிச், மீன் ஆலையில் வேலை பார்த்த விங்ககோ போன்றவர்களை எடுத்து வளர்த்தார்கள். ஒவ்வொருவர் தட்டையும் அன்றைய உழைப்புக்கு ஏற்பக் கிராம் கணக்கில் அளந்தார்கள்.

தவறிலிருந்து கற்றதுதான் இவர்களின் சிறப்பு. 2020 டூரில் ஸ்கையின் ரயிலை அப்படியே பின்பற்றினார்கள். ரோக்லிச் 57 விநாடி முன்னிலையோடு 20-ஆம் கட்டத்துக்கு, அதாவது 20-ஆம் நாள் ஓட்டத்துக்கு, வந்து, லா பிளான்ஷ் மலை நேர ஓட்டத்தில் எதிரணியின் பொகாச்சரிடம் எல்லாவற்றையும் இழந்தார். சீரான வேகத்தில் சோர்வடையாத ஒருவருக்கு ரயில் இலவசப் பயணம்தான். 2022-இல் முறையை மாற்றினார்கள். 11-ஆம் கட்டத்தில் அணியின் வான் ஆர்ட் முன்னே பிரிந்த குழுவில் போக, கலிபியே மலையில் ரோக்லிச்சும் விங்ககோவும் மாறி மாறித் தாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் பொகாச்சர் தானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. 11.3 கி.மீ., 9.2 சதவீதச் சரிவுள்ள கிரனோன் மலையில் அவர் தீர்ந்துபோனார். விங்ககோவிடம் 2 நிமிடம் 51 விநாடி இழப்பு.

2023-இல் ஜிரோ, டூர், ஸ்பெயினின் வுவெல்டா மூன்றையும் மூன்று வெவ்வேறு வீரர்களோடு வென்றார்கள். வேறெந்த அணியும் ஒரே ஆண்டில் இதைச் செய்ததில்லை. அதே ஆண்டின் முடிவில் ஜம்போ விலகி, பெயரில் விஸ்மா முன்னுக்கு வந்தது, ரோக்லிச்சும் போனார். வுவெல்டாவில் முன்னிலையில் இருந்த குஸ்ஸைச் சொந்த அணியினரே ஏற்றத்தில் விட்டுச்சென்ற மனக்கசப்பும் நடந்தது. பல தலைவர்களை வைப்பதன் விலை அது. இருந்தும் முறை நின்றது. 2018 ஜிரோவில், முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டையோடு வேறோர் அணியில் இருந்த சைமன் யேட்ஸ், கடைசி 8 கி.மீ. மண்சாலையான ஃபினெஸ்த்ரே மலையில் நொறுங்கிப்போன நாளில்தான் ஸ்கையின் ஃபுரூம் 80 கி.மீ. தனியாக ஓட்டி ஜிரோவைத் தன் பக்கம் திருப்பினார். 2025-இல் விஸ்மா சட்டையில் அதே யேட்ஸ் அதே மலைக்கு மூன்றாமிடத்தில் வந்தார். ஏற்றத்தில் தாக்கி உச்சியைத் தனியாகக் கடந்தார். கீழே பள்ளத்தாக்கில், காலையிலேயே முன்னே போயிருந்த வான் ஆர்ட் அவருக்காகக் காத்திருந்து இழுத்தார். அன்று ஜிரோ யேட்ஸ் கைக்கு வந்தது.