ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ: இன்று வாங்கலாமா?

பழைய எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்றை ஸ்டுடியோவுக்கு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது "எது நல்ல சவுண்ட்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்க ஊரில் அதைத் திறந்து சரிபண்ணத் தெரிந்தவர் யார்?" என்று. அதற்குப் பதில் இருந்தால்தான் மேலே பேச முடியும். சாலிகிராமத்தில் உள்ள என் மிக்ஸிங் அறையில் தினமும் ஓடுகிற ஸ்பேஸ் எக்கோவை, அதாவது ஒலியை டேப்பில் பதிந்து எதிரொலியாகத் திருப்பித் தரும் பெட்டியை, வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ரோலண்ட் இதை 1974இல் கொண்டுவந்தது. மேல்மூடியைத் திறந்தால் அக்ரிலிக் தகட்டுக்கு அடியில் கால் இஞ்சு டேப் வளைந்து வளைந்து கிடக்கும். ரீல் எதுவும் கிடையாது. இரண்டு முனையையும் ஒட்டிய ஒரே லூப்தான். அது ஹெட் எனப்படும் காந்த முனைகளை, அழிக்கும் ஹெட், பதிவு ஹெட், அப்புறம் மூன்று பிளேபேக் ஹெட் என்று வரிசையாகக் கடந்து ஓடும். எக்கோவின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மோட்டாரின் வேகம்தான். எந்த ஹெட்கள் வேலை செய்யவேண்டும், கூடவே உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ரிவெர்பும் (சுருள்கம்பி அதிர்ந்து தரும் அறை முழக்கம்) வேண்டுமா என்பதை 12 நிலைகள் கொண்ட ஒரு குமிழ் முடிவுசெய்யும். 1 முதல் 4 வரை எக்கோ மட்டும், 5 முதல் 11 வரை எக்கோவும் ரிவெர்பும், 12 ரிவெர்ப் மட்டும்.

சமீபத்தில் ஒரு நாகஸ்வர டிராக்கை 9ஆம் நிலையில் விட்டேன். 2ஆவது, 3ஆவது ஹெட் சேர்ந்து ஒலிக்கும் நிலை அது. நாகஸ்வரம் மிக்ஸில் முன்னால் வந்து நின்றுகொள்ளும் வாத்தியம். சுத்தமான டிஜிட்டல் டிலே போட்டால் ஒவ்வொரு எதிரொலியும் அதே கூர்மையோடு வந்து பாடகரின் வரி மேல் விழும். டேப்பில் அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ட்ரெபிள் கொஞ்சம் தேய்ந்து, சுருதியில் ஒரு மெல்லிய அசைவும் சேர்ந்து, மூன்றாவது எதிரொலி வருவதற்குள் வாத்தியம் மண்டபத்தின் மறுகோடிக்குப் போய்விடுகிறது. ட்ரெபிள், பேஸைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ பக்கமே நான் போகவில்லை.

அடுத்தது எதிரொலி எத்தனை முறை திரும்ப வரும் என்பதை முடிவுசெய்யும் இன்டென்ஸிட்டி குமிழ். ஓரளவுக்கு மேல் ஏற்றினால் எக்கோ தன்னையே தின்று வளர ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் மோட்டார் வேகத்தை மாற்றும் ரிப்பீட் ரேட் குமிழைத் திருப்பினால் மொத்த ஒலியும் சுருதி வழுக்கி மேலே ஏறும், கீழே இறங்கும். ஜமைக்காவின் டப் இசைக்காரர்கள் (ரெக்கே பாட்டுகளை எக்கோ போட்டு மறுபடி மிக்ஸ் செய்பவர்கள்) எக்கோவை ஒரு வாத்தியமாகவே வாசித்தது இப்படித்தான். இந்தப் பெட்டியைப் போல ஒலிக்கும் கம்ப்யூட்டர் மென்பொருள்களான பிளகின்கள் இன்று ஒலியில் மிக அருகில் வந்துவிட்டன, அதை மறுக்கமாட்டேன். ஆனால் மவுஸை வைத்துக்கொண்டு யாரும் இரண்டு குமிழை ஒரே நேரத்தில் திருப்புவதில்லை. நான் இந்தப் பெட்டியை வைத்திருப்பதற்கு அந்த இரண்டு கைகள்தான் காரணம்.

ஸ்பிரிங் ரிவெர்ப் குரலுக்கும் கிடாருக்கும் அழகு. கஞ்சிராவையோ தவிலையோ அதில் விட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஸ்பிரிங் "டொய்ங்" என்று துள்ளும். எனக்கு அது பிடிக்காது.

இன்றைய ஸ்டுடியோவில் இதை இணைப்பதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, மைக்கையும் கிடாரையும் நினைத்துச் செய்த இன்புட்கள் இவை. கம்ப்யூட்டரின் ஒலியை வெளியே அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டை அப்படியே செருகினால் உடைந்த ஒலிதான் வரும். நடுவே ரீஆம்ப் பாக்ஸ் போட்டு லெவலைக் குறைக்கவேண்டும். இரண்டாவது சிக்கல் பெரியது. அசல் ஒலியும் எக்கோவோடு சேர்ந்தே வெளியே வரும். கம்ப்யூட்டரிலிருந்து போய்த் திரும்பும்போது அது சில மில்லிசெகண்ட் பிந்தும், ஏற்கெனவே உள்ள டிராக்கோடு கலந்து குரலைக் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆக்கிவிடும். அசல் ஒலியை வெட்டிவிடும் ஒரு சிறு மாற்றத்தை டெக்னீஷியன்கள் செய்து தருவார்கள். மிக்ஸிங்குக்கு மட்டும் வாங்குபவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

வாங்கப் போகும்போது பெயின்ட்டையும் மூலைகளையும் பார்த்து மயங்கவேண்டாம். பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று முதலில் பாருங்கள். ஜப்பான் உள்ளூர் மாடல் 100 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகினால் கதை முடிந்தது, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். பிறகு 1, 2, 3 என்று ஒவ்வொரு நிலையாகப் போட்டு ஒரு ஹெட்டைத் தனியாகக் கேளுங்கள். ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் அது அழுக்காகவும் இருக்கலாம், தேய்மானமாகவும் இருக்கலாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து அங்கேயே துடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். ஒரு நீண்ட சுருதியை விட்டுப் பாருங்கள். அளவுக்கு மீறி ஆடினால் டேப்பை அழுத்தும் ரப்பர் உருளை கெட்டிப்பட்டிருக்கலாம். டேப் லூப் சில நூறு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். புது லூப் இன்றும் கிடைக்கிறது, இரண்டைச் சேர்த்தே வாங்கி வையுங்கள்.

ஹெட் துடைப்பதெல்லாம் ஒத்துவராது என்பவர்களுக்கு யமஹா எஸ்பிஎக்ஸ்90 சொல்வேன். 1980களின் நடுவில் வந்த ஒற்றை ரேக் டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பெட்டி. ஒலி 12 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்; அதனாலேயே அதன் ரிவெர்ப் குரலுக்குப் பின்னால் அடக்கமாக உட்காரும். அதில் முன்பே அமைத்துவைத்த சிம்ஃபோனிக் பிரீசெட் ஒன்றுக்காகவே கீபோர்ட் பேட்களை (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஸ்வரங்களை) அதில் அனுப்புகிறேன். வாங்கியதும் உள்ளே இருக்கும் மெமரி பேட்டரியை மாற்றிவிடுங்கள். பெரிய உலோகத் தகட்டை அதிரவைத்து முழக்கம் தரும் ஈஎம்டி 140 பிளேட் ரிவெர்ப் மீது ஆசைப்படுபவர்களும் உண்டு. கால் டன்னுக்கு மேல் எடை, மாடியில் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

மேடைக்குத் தூக்கிப் போக எக்கோ வேண்டுமென்றால் அசல் 201 வேண்டவே வேண்டாம். 2022இல் ரோலண்டின் பாஸ் (BOSS) பிராண்ட் கொண்டுவந்த ஆர்இ-202 பெடலை வாங்குங்கள். டேப் இல்லை, அதே ஏற்பாட்டில் குமிழ்கள், பைக்குள் அடங்கும்.