வெனிஸில் கால்வாய் ஓரம் மீன் சாப்பிடப் போகிறீர்களா, முதலில் எடையைக் கேளுங்கள்

போன மாதம் வெனிஸில் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு 202 யூரோ 44 சென்ட் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டே பேர். இத்தனைக்கும் ஆளுக்கு 40 யூரோவுக்கு மேல் போகக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். எப்படி மாட்டினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும்.

ரியால்தோ நிறுத்தத்தில் படகை விட்டு இறங்கி, பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போனால், தண்ணீரை ஒட்டி வரிசையாக மேஜை போட்டிருப்பார்கள். பொழுது சாயும் நேரம், 1591-இல் கட்டி முடித்த அந்தக் கல் பாலம் மஞ்சளாக மின்னுகிறது, கீழே கொண்டோலா போகிறது. "இங்கேயே உட்காரலாங்க" என்றாள் மனைவி. எனக்கும் ஆசைதான், சும்மா அவள் மேல் பழி போடக்கூடாது. வாசலில் நின்று ஆள் பிடிக்கிறவர் எங்களைப் பார்த்ததும் "நமஸ்தே" என்றார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மெனுவில் பிரான்சீனோ மீன் 8.50 என்று போட்டிருந்தது. பார்க்க நம்ம ஊர் கொடுவா ஜாடையில் இருக்கும் மீன் அது. பரவாயில்லையே, மலிவுதான் என்று கேட்டோம். சர்வர் உள்ளே போய் ஒரு தட்டில் முழு மீனைக் கொண்டுவந்து காட்டினார். வாயில் எலுமிச்சைத் துண்டு, கண் பளபளவென்று இருந்தது. "சார், இன்றைக்குக் காலையில் பக்கத்துச் சந்தைக்கு வந்தது, இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு விலை 131 யூரோ 75 சென்ட்.

ஏனென்றால் 8.50 என்பது மீனின் விலை இல்லை, நூறு கிராமின் விலை. பக்கத்தில் எறும்பு சைஸில் 'எத்தோ' என்று இருந்தது. இத்தாலியில் எத்தோ என்றால் நூறு கிராம். எங்கள் மீன் 1,550 கிராம் என்று பில்லில்தான் தெரிந்தது. அதுவும் தலை, முள், குடல் எல்லாம் சேர்த்துப் பச்சையாக நிறுத்த எடை. மேஜைக்கு வந்ததோ முள் எடுத்த நான்கு துண்டு, ஓரத்தில் இரண்டு உருளைக்கிழங்கு. எங்களுக்குக் காட்டிய மீன்தானா என்று கேட்கக்கூட வழியில்லை, தலையையும் காணோம் வாலையும் காணோம்.

மிச்சம் எல்லாம் சில்லறை, ஆனால் கூடிக்கொண்டே போனது. சுட்ட காய்கறி 14, ஸ்பிரிட்ஸ் என்ற ஒயின் கலந்த பானம் இரண்டு கிளாஸ் 20, தண்ணீர் பாட்டில் 6, உட்கார்ந்ததற்கு 'கோபெர்த்தோ' என்று ஆளுக்கு 4.50, கடைசியில் மொத்தத்தின் மேல் 12 சதவீதம் 'செர்விட்சியோ', அதாவது சர்வீஸ் சார்ஜ். நாங்கள் கேட்காமலே வந்த ரொட்டி அந்தக் கோபெர்த்தோவில் அடக்கமாம்.

சண்டை போட்டேன். சர்வர் கோபப்படவே இல்லை, மெனுவைத் திருப்பிக் காட்டி ஒவ்வொரு வரியாக விரலை வைத்தார். எல்லாமே அச்சில் இருக்கிறது. எடையை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே சார்" என்றார். என்ன பதில் சொல்வது? பேந்தப் பேந்த விழித்துவிட்டு கார்டை நீட்டினேன். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து, தராசு முள் நின்றால்தான் காசை எடுப்பவள் என் மனைவி. அவளே அன்றைக்குப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வயிற்றெரிச்சல் மறுநாள் காலை இன்னும் கூடியது. பக்கத்திலேயே இருக்கும் ரியால்தோ மீன் சந்தையைப் பார்க்கப் போனோம். அங்கே பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, சந்தை ஞாயிறும் திங்களும் மீன் விற்காது. நாங்கள் சாப்பிட்டது திங்கள் ராத்திரி! அந்தச் சந்தையில் ஒவ்வொரு மீனுக்கும் அட்டை குத்தி, கடலில் பிடித்ததா பண்ணையில் வளர்த்ததா, எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஓட்டலில் இதையும் கேட்டிருக்கலாம்.

நாங்கள் தப்பித்தோம் என்றே சொல்ல வேண்டும். 2018-இல் இதே ஊரில் நான்கு ஜப்பானிய மாணவர்களிடம் ஸ்டேக்குக்கும் ஒரு தட்டு வறுத்த மீனுக்கும் தண்ணீருக்கும் 1,100 யூரோவுக்கு மேல் வாங்கினார்கள். விஷயம் மேயர் வரை போய் அந்தக் கடைக்கு அபராதம் விழுந்தது. எங்கள் விஷயத்தில் அப்படிப் போய் நிற்கவும் வழியில்லை, எல்லாம் மெனுவில் இருக்கிறதே.

போகிறவர்கள் மெனுவில் மீன் விலைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மீனை உள்ளே கொண்டுபோகும் முன் எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெட்கமே வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பெரும்பாலும் உறையவைத்த சரக்கு, புது மீன் இல்லை. கோபெர்த்தோவும் சர்வீஸும் எவ்வளவு என்று பெரும்பாலும் மெனுவின் கடைசியில் இருக்கும், அதையும் உட்காரும் முன்னே பார்த்துவிடுங்கள்.

அடுத்த நாள் ராத்திரி அதே ஊரில் கன்னரேஜோ என்ற பகுதிக்குப் போனோம். மிசெரிகோர்தியா கால்வாய்க்கரையில் 'பாக்காரோ' என்று சின்னச் சின்ன ஒயின் கடைகள் இருக்கின்றன. ரொட்டித் துண்டு மேல் மசித்த கருவாட்டு மீன், வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறவைத்த மத்தி என்று கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பார்கள், ஒரு துண்டு இரண்டு, மூன்று யூரோதான். கையில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டோம். தண்ணீர் அங்கேயும் அதே தண்ணீர்தான், கொசுதான் கொஞ்சம் அதிகம். இரண்டு பேருக்கும் சேர்த்து 31 யூரோ ஆனது.

பழைய பில் இன்னும் என் பர்சில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், கடை எந்த இடத்தில் என்று சொல்கிறேன்.